வைக்கோல் பொம்மைக்குப் பதில்

“இன்னும் கொஞ்சம் மஞ்சள் அடி. செத்தது யாருன்னு தூரத்துலேருந்தே தெரியணும்.”

“இதுக்கு மேல அடிச்சா வழியும், முதலாளி.”

“வழியட்டும்டா. கண்ணீர்னு நெனச்சுக்குவாங்க.”

தச்சுப் பட்டறையில் சிரிப்பு எழுந்தது. நிக்கானோர் மட்டும் குனிந்தபடி தூரிகையை இழுத்துக்கொண்டிருந்தான். அலமாரிக்கு வாங்கிய பலகையில் அவனே அறைந்த சவப்பெட்டி. அதன் பக்கங்களில் நீலமும் மஞ்சளும், அவன் ஆதரிக்கும் அணியின் நிறங்கள். ரொசாரியோ நகரின் இரண்டு கால்பந்து அணிகளும் மோதினால், தோற்ற அணிக்கு மறுநாள் சவ ஊர்வலம் நடக்கும். நேற்று நீல மஞ்சள் தோற்றிருந்தது. முதலாளி எவாரிஸ்தோ, வென்ற சிவப்புக் கறுப்பு அணிக்காரர்.

வழக்கமாகப் பெட்டிக்குள் வைக்கோல் பொம்மைதான் கிடக்கும். ஆனால் சனிக்கிழமை எல்லோரும் சுற்றி உட்கார்ந்து மாத்தே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, முதலாளியின் கேலி பொறுக்காமல் நிக்கானோர் சொல்லிவிட்டான்: “நாங்க தோத்தா பொம்மை எதுக்கு? நானே படுத்துக்கறேன்.”

உடன் வேலை செய்யும் துலியோ பொம்மையைத் தூக்கி வந்தான். எவாரிஸ்தோ அதைக் காலால் ஒதுக்கினார்.

“இது எதுக்கு? நம்மகிட்டதான் நிஜப் பொணம் இருக்கே. ஏறிப் படு, நிக்கா.”

நிக்கானோரும் சிரிக்கப் பார்த்தான். “பட்டறைய ஒரு சுத்து சுத்தினா போதும்ல?”

“பட்டறையா? லாரி நிக்குது பாரு. அரோயித்தோவுல, உங்க மைதான வாசல்ல எறக்கி வெச்சுட்டு வந்துடுவோம். உன் ஆளுங்களே தெறந்து பாக்கட்டும்.”

அந்த வாசலில்தான் அவன் மனைவி நோர்மா மாலையில் கறி அடைத்த எம்பனாதா சுட்டு விற்கிறாள். வாங்குகிறவர்கள் அத்தனை பேரும் நீல மஞ்சள்காரர்கள். எதிரிக்குப் பிணமாகப் படுத்தவனின் பெண்டாட்டியிடம் இனி யார் வாங்குவார்கள்?

“அங்க என் சம்சாரம் கடை போட்டிருக்கா, முதலாளி.”

“நல்லதாப் போச்சு. அழறதுக்கு ஆள் வேணும்ல?” எவாரிஸ்தோ அவன் தோளில் தட்டினார். “விளையாட்டுதானேடா. தாங்க முடியலன்னா கதவு தெறந்துதான் இருக்கு. நாளைக்கு வர வேணாம், அவ்வளவுதான்.”

தெருவின் மற்ற இரண்டு பட்டறைகளும் குளிர்காலத்திலேயே மூடிவிட்டன. துலியோ கீழே கிடந்த ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

“மூச்சுக்கு ஒரு ஓட்டை போட்டிருக்கேன், அண்ணே,” என்றான், நிமிராமல்.

நிக்கானோர் காலணியைக் கழற்றப் போனான். பிறகு அப்படியே ஏறினான். அளவு பொம்மைக்கு எடுத்தது. ஒருக்களித்தால்தான் தோள்கள் அடங்கின. உள்விளிம்பின் ஈரச் சாயம் கன்னத்தில் அப்பியது. மூடி விழுந்தது. நான்கு பேர் தூக்கினார்கள். லாரியில் முரசு அதிரத் தொடங்கியது.

துளையருகே அவன் உதடுகள் தெரிந்தன.

“முதலாளி, வாசலுக்கு வேணாம். ஒரு தெரு முன்னாடியே எறக்கிடுங்க. முதலாளி?”