பெனடிக்றுக்காகக் கத்தரின்

எங்கள் எம்.பி.யின் அலுவலகத்தில் நான் சத்தம் போட்டது உண்மை. போடாமல் என்ன செய்வது?

என்னை இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். செவன் கிங்ஸில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிற நிலையத்தை மூடப்போகிறார்களாம். இனி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போக வேண்டுமாம். "பூட்டினா நான் ஒரு இடமும் போகமாட்டன். வாறது வரட்டும்" என்று வீட்டில் சொல்லிவிட்டேன். கோபத்தில் சொல்கிறேன் என்றுதான் என் மனைவி கத்தரின் முதலில் நினைத்தாள். பிறகு பயந்துபோய் ஒரு மனுவை எழுதிக்கொண்டு, பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரம் மாதா கோயில் வாசலில் கையெழுத்து வாங்கப் போய் நின்றாள்.

நாடாளுமன்றத்தில் எம்.பி. எழுந்து நின்று சமர்ப்பிக்கிற காகித மனு அது. அதைப் பார்த்துச் சரிபிடிக்கிறவள் அவருடைய அலுவலகத்தில் வேலை செய்யும் பிரசாந்தினி. நாங்கள் இருவரும் கொண்டுபோய்க் கொடுத்த தாள்களைப் புரட்டிக்கொண்டு போனவள் திடீரென்று நிறுத்தினாள்.

"அன்ரி, இதெல்லாம் ஒரே எழுத்தாக் கிடக்கே?"

"ஓம் பிள்ளை. பாதிப் பேர் ஷிப்டில. வந்தவை தங்கட வீட்டுக்காரற்ற பேரையும் போட்டுவிடச் சொன்னவை. பூசைக்குப் பேர் குடுக்கேக்க முழுக் குடும்பத்துக்கும் ஒராள்தானே எழுதுறது?" என்றாள் கத்தரின்.

ஐயோ கடவுளே! நான் தலையில் கை வைத்தேன்.

பிரசாந்தினி சரித்திரம் படித்த பிள்ளை. "விக்டோரியா ராணி காலத்தில சனம் வண்டியில ஏத்திக்கொண்டு போய் மனுக் குடுத்தது அன்ரி. கன பேரை ஒரே கை எழுதியிருக்கு எண்டு கண்டுபிடிச்சு, சபையில பகிடி பண்ணிப்போட்டாங்கள். எங்கட மனுவுக்கும் அந்தக் கதி வரக் கூடாது. அவரவர் தன்ர கையாலதான் போட வேணும்" என்றபடி கத்தரின் எழுதிய பெயர்களை ஒவ்வொன்றாக வெட்டினாள். பெனடிக்ற் என்ற என் பெயருக்கு வந்ததும் பேனையை நிறுத்தினாள்.

"அங்கிளின்ர பேர் இருக்கட்டும். அந்தக் காலத்துச் சட்டத்திலயே வருத்தத்தில இயலாமல் கிடக்கிற ஆளுக்கு மட்டும் வேறை ஆள் போடலாம்."

எனக்கு வந்ததே ஆத்திரம்!

"ஆர் இயலாமல் கிடக்கிறது? என்ர கைக்கு என்ன குறை? வெட்டும் பிள்ளை, அதையும் வெட்டும்!" பிறகு கத்தரின் பக்கம் திரும்பினேன். "உம்மை ஆர் என்ர பேரைப் போடச் சொன்னது?"

கலியாணம் முடித்த நாளிலிருந்து என் முன்னால் குரலை உயர்த்தாதவள் அன்று உயர்த்தினாள்.

"எத்தினை தரம் கேட்டனான்? பேப்பரோட உங்கட மெசினுக்குப் பக்கத்தில நிண்டனான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு படுத்தனீங்கள். அதுதான் நானே போட்டன். உங்களுக்கு உயிரோட இருக்க விருப்பமோ எண்டு எனக்குத் தெரியாது. எனக்கு விருப்பம்."

அந்தப் பிள்ளைக்கு முன்னால் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"சரி, விடுமன். கையெழுத்துத் திருப்பிச் சேர்க்கலாம்."

"சேர்த்தும் பூட்டினா?"

"பூட்டினா, சொல்லுற இடத்துக்குப் போறன். சரிதானே?"

பேச்சை முடிப்பதற்காகத்தான் சொன்னேன். அது அவளுக்கும் விளங்கியது. மேசையில் கிடந்த வெறும் தாள் ஒன்றை இழுத்து என் முன்னால் வைத்தாள்.

"அப்ப அதை எழுதுங்கோ. எங்க மாத்தினாலும் போவன் எண்டு எழுதி, உங்கட கையால கையெழுத்து வையுங்கோ."

"இதென்ன விசர்க் கதை?" என்று முணுமுணுத்தேன். ஆனாலும் பேனையை எடுத்தேன். பிரசாந்தினி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வரி. பிறகு என் பெயர். அவ்வளவுதான் எழுத வேண்டும். கைக்கு ஒரு குறையும் இல்லை. பேனைதான் தாளில் தொட்ட இடத்திலேயே நின்றது. கத்தரின் கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அழத் தொடங்கினாள்.