ஒரு மூடிக் குளோரின்

மனைவி மதி இறந்து மூன்று மாதமாகியும் குளியலறையில் குளோரின் வாடை போகவில்லை. அன்பரசன் சுவரைத் தேய்த்துக் கழுவிப் பார்த்தான். வாடை சுவரில் இல்லை என்பது அவனுக்கே தெரியும். விடியும் நேரத்தில் மூடிய கதவுக்குப் பின்னால் குவளை வாளியில் இடிக்கும் சத்தம் கேட்கும். எழுந்து போய்ப் பார்ப்பதை நிறுத்திவிட்டான்.

ராயபுரத்தில் இறால் உரிக்கும் கொட்டகையில் அவன் சூப்பர்வைசர். பி.எஸ்சி. வேதியியல் படித்தவன். உரிக்கிற பெண்கள் அரைமணிக்கு ஒருமுறை கையை முக்கி எடுக்கும் தொட்டியில் குளோரினை அளந்து கலப்பது அவன் வேலை. மதியும் அங்கேதான் உரித்தாள். கையிலிருந்து கவுச்சியை எடுக்கும் தண்ணீர் உடம்பில் எங்கிருந்தும் எடுத்துவிடும் என்பது கொட்டகைப் பெண்களின் நம்பிக்கை. வீட்டுக்குப் போகும்போது பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவார்கள். மதிக்கு மட்டும் அவன் வீட்டிலேயே கலந்து கொடுத்தான். ஒரு குவளைக்கு ஒரு மூடி. எரியாது, புண்ணாகாது. அளவு தெரிந்தவன் என்று அவனுக்குப் பெருமைகூட இருந்தது. பத்து வருடம் அவள் அந்தத் தண்ணீரால் பிறப்புறுப்பின் உள்ளே கழுவினாள்.

கருப்பை வாயில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, மதி அப்படிக் கழுவி வந்ததை அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டபின், அவனைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னார். இது ஒரு வைரஸால் வருவது. பெரும்பாலும் ஆணிடமிருந்து வரும். தன்னிடம் அது இருப்பது அந்த ஆணுக்கே தெரியாது. நிறையப் பெண்களுக்கு ஓரிரு வருடத்தில் தானாகப் போய்விடும். அந்த இடத்தில் நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன, தயிரை உறைய வைக்கும் கிருமிகளுக்கு உறவு மாதிரி. அவை உண்டாக்கும் புளிப்புதான் காவல். கழுவிக் கழுவி அவற்றைக் கொன்றால் வைரஸ் போகாமல் தங்கிவிடலாம்.

“இவங்களுக்கு அதனாலதான்னு நிச்சயமாச் சொல்ல முடியாது. ஆனா யாரும் அப்படிக் கழுவக் கூடாது” என்றார்.

அவன் அதை மதியிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

மதியின் தங்கை யசோதரா போன மாதம் அதே கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் தொட்டியோரம் குனிந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்தாள். பின்னாலிருந்து பார்க்க மதியேதான். அன்பரசன் இப்போது வாயைத் திறக்காவிட்டால் இவளும் மதியைப் போலப் போய்விடுவாள். திறந்தால், கலந்து கொடுத்த கை யாருடையது என்றும் சொல்ல வேண்டிவரும்.

“யசோ, அத்தக் கொட்டிடு.”

“இன்னா மாமா, தொட்டித் தண்ணியக்கூட விடமாட்டியா?”

“உங்கக்கா அதுல கழுவித்தான்...” என்று ஆரம்பித்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான்: வைரஸ், புளிப்பு, மூடி அளவு, டாக்டரம்மா கூப்பிட்டுச் சொன்ன நாள்.

யசோதரா பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். “அக்காவுக்குத் தெரியுமா?”

“இல்ல.”

“நான் இன்னா பாவம் பண்ணேன் யசோன்னு என்னாண்ட கேட்டுகினே கெடந்துச்சு. நீ பக்கத்துலதான குந்திகினு இருந்த?”

அவன் தலையாட்டினான். அவள் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

“திங்கக்கெழம போயி டெஸ்ட் எடுத்துக்கறேன். நீ இவங்க எல்லாராண்டயும் சொல்லு.”

“பொம்பளைங்க சமாச்சாரம். நீயே சொல்லேன்.”

“கலந்து குடுத்தது நானா?”

பெண்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவன் அவர்கள் முன்னால் போய் நின்றான். எல்லோரிலும் மூத்தவளான குப்பம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இன்னா சார், மூஞ்சி பேஜாரா கீது? நாளைக்கு லீவு இல்லன்னு சொல்லப் போறியா?”

சிரித்தார்கள். அவன் சொல்லத் தொடங்கினான். மதியின் பெயர் வந்ததும் சிரிப்பு நின்றது. யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

“அப்ப வாடைக்கு இன்னாதான் சார் பண்றது?” என்றாள் குப்பம்மா. “வூட்டுக்காரன் மூஞ்சத் திருப்பிக்கிறானே.”

“வாடை இருந்தா டாக்டராண்ட காட்டணும்க்கா. மதிக்கு வாடையே இல்ல. கல்யாணமான புதுசுல ஒரு நாள் நான்தான் மூஞ்சத் திருப்பினேன்.”

குப்பம்மா தன் பாட்டிலைக் கவிழ்த்தாள். இன்னும் நாலு பேர் கவிழ்த்தார்கள். மற்றவர்கள் முந்தானைக்குள் பாட்டிலை மறைத்துக்கொண்டு வேகமாக வெளியேறினார்கள். யசோதரா அவர்களை நிறுத்திச் சொல்லப் பின்னாலேயே ஓடினாள்.