வலது பக்கம் விழுந்த இருவர்

1

இந்தக் கதை ஒரு செய்தித்தாளில் பிறந்தது. பக்கவாதம் வந்து பிழைத்தவர்கள் எந்த நாட்டில் நன்றாக வாழ்கிறார்கள் என்று ஒரு கட்டுரை. நாடுகளுக்கு மதிப்பெண் போட்டிருந்தார்கள். படித்ததும் மர்பி டவுனில் என் பக்கத்து வீட்டு ஜகதாம்பாளும், ஆஸ்திரேலியாவுக்கு மகனோடு போய்விட்ட மௌரீனும் நினைவுக்கு வந்தார்கள். பீன்யாவில் ஒரு சுவிட்ச் தொழிற்சாலையில் ஒரே மேசையில் வேலை பார்த்தவர்கள். ஓராண்டு இடைவெளியில் இருவருக்குமே வலது பக்கம் விழுந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பெர்த் நகரத்தின் அகன்ற சாலைகளில்..."

பெர்த்தை நான் பார்த்ததில்லை. அடித்துவிட்டேன்.

2

2003 ஜனவரியில் மௌரீன் ஊருக்கு வந்தார், தனியாக, சக்கர நாற்காலியோடு. ஜகதாம்பாள் வீட்டு வாசலில் மூன்று படி. நானும் ஆட்டோக்காரரும் நாற்காலியைத் தூக்கி உள்ளே வைத்தோம்.

ஜகதாம்பாள் கட்டிலில் சாய்ந்திருந்தார். மருமகள் ராதா அவருக்குத் தலை வாரி, பொட்டு வைத்து, பவுடர் பூசியிருந்தாள். கார்மெண்ட்ஸ் வேலையை விட்டுவிட்டு அவள்தான் எல்லாம் செய்கிறாள்.

"இன்னா ஜகா, ராணி மாதிரி கீற!" என்றார் மௌரீன்.

ஜகதாம்பாளுக்குப் பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். "தனியா... வந்தியா?"

"தனியாதான். அங்கே பாத்ரூம்ல கம்பி, வாசல்ல சரிவு, எல்லாம் கவர்மெண்ட்டே போட்டுக் குடுத்துட்டான். ஒரு கையாலயே வெங்காயம் நறுக்குறேன், தெரியுமா?"

ஜகதாம்பாள் அந்த இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

(இந்த இடத்தில் ராதாவைக் கொடுமைக்காரியாக்கினால் கதை சுலபமாக நகரும். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. மௌரீனைக் கவலையே இல்லாத வெளிநாட்டுக்காரராக்கினாலும் நகரும். அதுவும் பொய்.)

3

ராதா டீயை ஆற்றி மாமியாரின் வாயருகே கொண்டுபோனாள்.

"அவ கையிலயே குடு ராதா," என்றார் மௌரீன்.

ஜகதாம்பாள் இடது கையால் டம்ளரை வாங்கினார். பாதி புடவையில் கொட்டியது. மீதியைக் குடித்தார்.

"பாத்தியா! நாளைக்கு பாத்ரூமுக்கும் தானே போவா."

"சும்னே ஆசை காட்டாதீங்க ஆன்ட்டி." ராதாவின் குரல் உயர்ந்தது. "நீங்க பிளைட் ஏறிடுவீங்க. அத்தை விழுந்துட்டா தூக்கறது நான். ஏற்கெனவே ஒருவாட்டி விழுந்தாங்க. தெருவே என்னைத்தான் கேட்டுச்சு."

மௌரீனின் முகத்தில் ஒரு... (வேண்டாம். முகத்தை விட்டுவிடுகிறேன். அவர் சொன்னது போதும்.)

"நானும் விழுந்தேம்மா. கிச்சன்ல. மறுநாள் நர்ஸ் வர்ற வரைக்கும் தரையிலயே கெடந்தேன். மகன் ஞாயித்துக்கிழமைதான் வருவான். என் தலையை இன்னொருத்தர் வாரி எவ்ளோ நாளாச்சு, எனக்கே தெரியல."

ராதா சீப்பை எடுத்து மௌரீனின் பின்னால் போய் நின்று வார ஆரம்பித்தாள். மௌரீன் சத்தமில்லாமல் அழுதார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் நான் திரும்பிப் பார்த்தபோது கட்டில் காலியாக இருந்தது.

4

குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே போயிருக்க வேண்டும்.

"அத்தே! கதவைத் தெறங்க!"

உள்ளே தண்ணீர் விழும் சத்தம். பிறகு ஜகதாம்பாளின் குரல்: "வரேன்... இரு."

தட்டுவதற்காக உயர்ந்த ராதாவின் கை அப்படியே நின்றது. மௌரீன் நாற்காலியை நகர்த்திக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தார்.

ஒரு முடிவில் ஜகதாம்பாளை விழ வைத்தேன். ராதா சொன்னது சரியாகிவிட்டது. இன்னொன்றில் சிரித்தபடி வெளியே வர வைத்தேன். மௌரீன் சொன்னது சரியாகிவிட்டது. உள்ளே இருப்பவருக்கு இரண்டிலுமே வேலை இல்லை. இரண்டையும் கிழித்தேன்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். நோய் வந்த பிறகு முதல்முறையாக அவர் ஒரு கதவைத் தானே சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறார். நீங்களும் எங்களோடு கொஞ்ச நேரம் வெளியே நில்லுங்கள்.