ஒன்பது டீன்கள் தாங்கும் நாற்காலி

“நாற்காலி உடைஞ்சதென்னவோ உண்மைதான். ஆனா எவ்வளவு அழகா உடைஞ்சுது தெரியுமா?”

“இன்னைக்கு மதியம் அதுல யாரு உட்காரணும்?”

“டீன்.”

“இப்ப எதுல உட்காருவார், உங்க அழகுலயா?”

கணவர் தட்டிலிருந்த பிஸ்கட் ஒன்றை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து மெல்ல அழுத்தி, விரிசல் எங்கே தொடங்குகிறது என்று கவனித்துக்கொண்டிருந்தார். பொறியியல் கல்லூரியில் அப்ளைடு மெக்கானிக்ஸ் துறையின் இணைப் பேராசிரியர் அவர். எந்தப் பொருள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கண்டுபிடிப்பது வேலை. அதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே வழி, தாங்காத வரைக்கும் ஏற்றிப் பார்ப்பது. மாணவர்கள் வைத்த பெயர் ‘முறிவு’.

“ஒரு பல்லு உறுதியா இருக்கான்னு பார்க்க நான் பிடுங்கியா பார்க்கறேன்?” என்றாள் மனைவி. அவள் பல் டாக்டர்.

“பிடுங்காம எப்படி நிச்சயமா சொல்ல முடியும்?”

அவர்கள் அறிமுகமானதே பல்லால்தான். இளம் ஆய்வாளராக அவளுடைய கிளினிக்குக்குப் போய், பிடுங்கிய பற்கள் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டார். ஒரு பாட்டில் நிறையக் கொடுத்தாள். அத்தனையையும் நசுக்கிக் கட்டுரை எழுதினார். கட்டுரையின் கடைசியில் அவளுக்கு ஒரு வரி நன்றி இருந்தது. அதைவிட நல்ல காதல் கடிதம் அவரிடமிருந்து வராது என்று அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. அதன் பிறகு தீக்குச்சி, குடைக்கம்பி, மீன் முள், மாமியாரின் கைத்தடி என்று அவருடைய ஆராய்ச்சி வளர்ந்தது. பதவி மட்டும் வளரவில்லை. ஒவ்வொரு வருடமும் அவருடைய ஃபைல் டீனிடம் போய், ‘ஆராய்ச்சி சரி, பயன் என்ன?’ என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

டீன் பெரிய உடம்புக்காரர். கல்லூரி நாற்காலிகள் இரண்டு அவருக்குக் கீழே உயிரை விட்டிருந்தன. முதலாவது பட்ஜெட் கூட்டத்தில். அடுத்தது ஓர் இரங்கல் கூட்டத்தில், மௌன அஞ்சலி முடிந்து எல்லோரும் உட்கார்ந்தபோது. அன்று யாருக்காக இரங்கினோம் என்பதே எல்லோருக்கும் மறந்துபோனது. அன்றிலிருந்து டீன் நின்றபடியே கூட்டம் நடத்துகிறார். அவர் நிற்கும்போது மற்றவர்கள் எப்படி உட்காருவது? கல்லூரி முழுக்கக் கால் வலி.

போன வாரம் அவர் இவரைக் கூப்பிட்டார். “இத்தனை வருஷமா உடைச்சே காட்டினீங்க. உடையாத நாற்காலி ஒண்ணு பண்ணிக் குடுங்க. அதுல உட்கார்ந்துதான் உங்க ஃபைல்ல கையெழுத்துப் போடுவேன். அடுத்த வருஷம் நீங்க ஓய்வு. இதை விட்டா வேற வாய்ப்பு இல்ல, பாத்துக்குங்க.”

டீனின் எடையை யார் கேட்பது? அவர் காரில் ஏறும்போது இவர் ஷூ கயிறு கட்டுவதுபோலப் பக்கத்தில் குனிந்து, கார் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்துகொண்டார். கணக்குப் போட்டு, அந்த எடைக்கு ‘ஒரு டீன்’ என்று பெயர் வைத்தார். பட்டறைத் தச்சர் நாற்காலியைச் செய்தார். நேற்று அதை அழுத்தும் எந்திரத்தில் வைத்தார்கள். ஒரு டீன் ஏறினார். மூன்று டீன், ஆறு டீன். நாற்காலி முனகக்கூட இல்லை.

“போதும் சார்,” என்றார் தச்சர், ஒன்பதில்.

“ஒன்பதைத் தாங்கும்னு தெரியும். எத்தனையைத் தாங்காதுன்னு தெரியலையே.”

பத்தாவது டீனோடு அது தெரிந்துவிட்டது.

மனைவி இப்போது போனை எடுத்துத் தச்சரைப் பிடித்தாள். “அதே மரம், அதே அளவு, மதியத்துக்குள்ள இன்னொண்ணு வேணும். முடிச்சதும் என் கையில குடுங்க. இவர் கேட்டா குடுக்காதீங்க.”

“நான் கேட்டாக்கூடவா?” என்றார் அவர்.

“நீங்க கேட்டாத்தான்.”

அவள் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்து, நாற்காலியைத் தானே தூக்கிப்போய் டீன் அறையில் வைத்து, கதவோரம் காவலுக்கு நின்றாள். கணவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோதிக்காத நாற்காலி அவர் பார்வையில் நாற்காலியே இல்லை. நாற்காலி மாதிரி ஒரு வதந்தி.

டீன் வந்தார். சுற்றி வந்து பார்த்தார். “சோதிச்சீங்களா?”

“இதோட அண்ணனைச் சோதிச்சேன் சார். ஒன்பது டீ... ஒன்பது பேரைத் தாங்கினான்.”

“அண்ணன் எங்க?”

“காலமாயிட்டான் சார்.”

டீனின் முகம் வெளுத்தது. “அப்போ முதல்ல நீங்க உட்காருங்க.”

“நான் உட்கார்ந்தா அதுக்குத் தெரியவே தெரியாது சார்.”

அது உண்மை. அவர் அவ்வளவு ஒல்லி. டீன் கண்ணை மூடிக்கொண்டு, குளிர்ந்த நீரில் இறங்குபவரைப்போல, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினார். ஒன்றும் ஆகவில்லை. ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதை. அந்தப் பெரிய முகத்தில் ஒரு குழந்தை வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

“அப்பாடா,” என்றார். “உட்காருறது இவ்வளவு நல்லா இருக்கும்னு மறந்தே போச்சுங்க.”

ஃபைலை எடுத்து மடியில் விரித்தார். பேனா மூடியைக் கழற்றினார். கதவோரம் மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷம் தாங்காமல் டீன் அப்படியே பின்னால் சாய்ந்தார். நாற்காலியின் முன்கால்கள் தரையை விட்டு மேலே எழும்பின. மொத்த டீனும் இரண்டே கால்களில் ஆடினார்.

இணைப் பேராசிரியர் உறைந்து நின்றார். எந்திரம் மேலிருந்து நேராக மட்டும்தான் அழுத்தியது. இப்படிச் சாய்த்து யாரும் பார்த்ததில்லை. பின்கால் ஒன்றிலிருந்து மெல்லிய ‘டிக்’ ஒன்று வந்தது. அறையில் அவர் காதுக்கு மட்டும் எட்டிய சத்தம். அவர் கண்கள், பல் பாட்டிலை வாங்கிய அன்று இருந்ததுபோலப் பளபளத்தன. மனைவி அதைப் பார்த்துவிட்டாள். வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

பேனா முனை காகிதத்துக்கு நூலளவு மேலே நின்றது. அவர் மண்டியிட்டு, நாற்காலிக் காலில் காதை வைத்தார்.

“சார், இன்னும் கொஞ்சமே கொஞ்சம் பின்னால சாயறீங்களா?”