பூசை போட்ட வண்டி

நீர்மாலைக்குத் தண்ணீர் எடுக்க வரச் சொல்லி இரண்டாவது தடவை ஆள் வந்தபோதும் அருள்பாண்டி காரின் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டுதான் நின்றான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. துட்டி வீட்டு வாசலில் காரை உறுமவிடுவது நாகரிகமில்லை என்று அவனுக்கும் தெரியும். பந்தலில் இருந்தவர்கள் அவனைப் பார்ப்பதும், பார்க்காததுபோல வேறுபக்கம் திரும்புவதுமாக இருந்தார்கள். உள்ளே ஐஸ் பெட்டியில் அவன் அப்பா வெள்ளைத்துரை கிடந்தார். நேற்று மத்தியானம் வரைக்கும் போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்த மனுசன்.

“வர்றேன்னு சொல்லு, சித்தப்பாகிட்ட” என்று தலையைத் தூக்காமலே சொன்னான்.

போய்விடலாம்தான். ஆனால் பெட்டியைத் திறந்து அப்பாவைக் குளிப்பாட்டுவதற்குள் ஒன்று தெரிந்தாக வேண்டும். அவரைக் கொன்றது எது?

நேற்றுத் தோட்டத்தில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் தங்கச்சி சிவரஞ்சனி பழைய ஜீப்பைத்தான் எடுக்கச் சொன்னாள். முப்பது வருசமாக மலை ஏறி இறங்குகிற வண்டி, தெரிந்த வண்டி என்றாள். ஜீப்பு தூக்கிப் போடும், காரில் அலுங்காமல் போகலாம் என்று அருள்பாண்டி சொல்லிவிட்டான். பெங்களூரில் செகண்டில் வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கியரைக் கையால் மாற்ற வேண்டியதில்லை, அதுவே மாற்றிக்கொள்ளும். ஒரு மாதமாக அந்தக் கியர் நடுநடுவே வெட்டி இழுக்கிறது என்பதை மட்டும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வாங்கிய அன்றிலிருந்து அடித்த பெருமை என்னாவது?

மூன்றாவது வளைவிலேயே கார் பைத்தியம் பிடித்ததுபோல நடந்துகொண்டது. திடீரென்று கீழ்க் கியருக்கு வந்து அலறியது, மறுநிமிசம் மேல் கியருக்குத் தாவி ஓடியது. ஒன்பதாவது வளைவில் எந்தக் கியரும் பிடிக்காமல் வெறுமனே உருள ஆரம்பித்தது. பிரேக்கில் புகை வந்ததும் ஓரங்கட்டினான். எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப்பு வர இருபது நிமிசம் ஆனது. அவர்கள் எல்லாரும் இறங்கி இடம்விட்டார்கள். போடி ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் முன்னால வந்திருந்தா பாத்திருக்கலாம் என்றார். அந்தக் ‘கொஞ்சம்’ அவனை ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை.

இத்தனைக்கும் காலையில் மெக்கானிக் முத்துப்பாண்டி மலைக்குப் போய் அதே காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். அருள்பாண்டியோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாய்ப் படித்தவன். வழியில் ஒரு குலுக்கல்கூட இல்லையாம். அதைப் பந்தலில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். வண்டி நல்லாத்தானே வருது என்று யாரோ மெதுவாகச் சொன்னதும் அருள்பாண்டியின் காதில் விழுந்தது.

அப்போதிருந்து இரண்டு பேரும் காரைக் குடைந்துகொண்டிருந்தார்கள். கியர் ஆயிலை எடுத்து மோந்து பார்த்தார்கள், கருகல் வாடை இல்லை. அளவும் சரியாக இருந்தது. பேட்டரியிலும் குறையில்லை. கடைசியாக முத்துப்பாண்டி ஸ்கேனரை மாட்டி, செல்போனில் கியர்பாக்ஸ் சுற்றுகிற வேகத்தைக் காட்டினான். எழுநூற்று ஐம்பதில் நின்றது.

“நம்பர விட்டுக் கண்ண எடுக்காத மாப்ளே” என்றவன், ஒயர்களை ஒவ்வொன்றாக அசைத்துக்கொண்டே வந்தான்.

பேட்டரிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பிளக்கை ஆட்டியபோது நம்பர் பூஜ்யத்துக்கு விழுந்தது. விட்டால் எழுநூற்று ஐம்பது. ஆட்டினால் பூஜ்யம். எஞ்சினை அணைத்துவிட்டு பிளக்கைக் கழற்றினார்கள். உள்ளே கம்பி முனைகள் பச்சையாகக் களிம்பேறி இருந்தன.

“தண்ணி போயிருக்கு. சுத்துற வேகம் தெரியாம கியரு தடுமாறிருக்கு. யாரோ ஓசு பைப்ப வச்சு உள்ளயே அடிச்சிருக்காக.”

முத்துப்பாண்டி பிளக்கைத் திருப்பினான். அதன் தலையில் காய்ந்துபோன சந்தனம் இருந்தது, நடுவில் குங்குமம். சந்தனத்தில் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. ரேகைக்குக் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. அப்பாவின் விரலில் கவாத்துக் கத்தி பட்ட தழும்பு அது, அருள்பாண்டிக்கு எட்டு வயசாக இருக்கும்போது நடந்தது. அப்பா விரலைத் துண்டால் சுற்றிக்கொண்டு சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

போன மாதம் ஆயுத பூசை அன்று அவன் எழுந்திருக்கவே பத்து மணி ஆகிவிட்டது. அதற்குள் அப்பா ஜீப்போடு சேர்த்துக் காரையும் கழுவி முடித்திருந்தார். வருசா வருசம் ஜீப்புக்குச் செய்வதுபோல பானெட்டைத் திறந்து, மூலைமுடுக்கெல்லாம் பைப்பால் அடித்து, துடைத்து, கைக்கு எட்டிய இடமெல்லாம் பொட்டு வைத்திருந்தார். அந்த ஜீப்பு எத்தனை தண்ணீர் அடித்தாலும் தாங்கும். அப்பாவுக்குத் தெரிந்த எஞ்சின் அது ஒன்றுதான்.

நேற்று ஏழாவது வளைவில் இவன் ஸ்டியரிங்கைக் குத்திக் காரைத் திட்டியபோது, வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த அப்பா இவன் கையைப் பிடித்தார்.

“வையாதப்பா. பூசை போட்ட வண்டி, கைவிடாது.”

முத்துப்பாண்டி சந்தனத்தைத் துடைக்கப் பழைய துணியை எடுத்தான். அருள்பாண்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். “அதத் தொடாத” என்றான். முத்துப்பாண்டி பிளக்கைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், துணியைப் பைக்குள் திணித்துக்கொண்டான். பிளக்கை மறுபடி மாட்டிப் பானெட்டை மூடினார்கள்.

சிவரஞ்சனி வெளியே வந்தாள். அழுது அழுது குரல் அடைத்திருந்தது.

“அம்மா கேக்கச் சொன்னுச்சு. வண்டில என்னண்ணே கோளாறு?”

அப்பா அடித்த தண்ணீர்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பந்தலில் எவனும் இவனைக் குறை சொல்லமாட்டான். முத்துப்பாண்டி தரையைப் பார்த்தான்.

“ஒரு மாசமாவே மக்கர் பண்ணுச்சு. எனக்குத் தெரியும். நாந்தான் பாக்காம விட்டுட்டேன்.”

அவள் திரும்பி உள்ளே போனாள். அம்மா கருத்தம்மாளின் அழுகை ஒரு கணம் நின்றுவிட்டு முன்னைவிடச் சத்தமாகக் கேட்டது. அதற்கு அவன் தயாராகத்தான் இருந்தான், ஆனாலும் வலித்தது.

நீர்மாலை எடுத்துக் குடத்தோடு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. அப்பாவைப் பெட்டியிலிருந்து தூக்கிப் பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள். அவர் தலையில் அருள்பாண்டி தண்ணீர் ஊற்றினான். மெதுவா ஊத்துப்பா, மூக்குல போகுது என்றார் சித்தப்பா வேலுச்சாமி. துவட்டி முடித்ததும் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்.

அருள்பாண்டியின் விரல்களில் கிரீஸ் இன்னும் போகவில்லை. வேட்டியில் துடைத்தான். கட்டைவிரலைச் சந்தனத்தில் தோய்த்து அப்பாவின் நெற்றியில் வைத்து அழுத்தினான்.

“போதும்ப்பா, எடு” என்றார் சித்தப்பா.

அவன் எடுக்கவில்லை. ரேகை பதிகிற வரைக்கும் அழுத்திக்கொண்டே இருந்தான்.