சிவப்புக் கோடு கீறப்பட்ட அறுபத்திரண்டு குடும்பங்கள்

தயாபரன் சப்பாத்தைக் கழற்றாமலே வீட்டுக்குள் வந்தார். எமிலி அவருடைய காலைப் பார்த்தாள். அவர் கவனிக்காதவர்போல சோபாவில் இருந்தார்.

"படமெல்லாம் இருக்கிற டின்னை எடு தங்கச்சி. அச்சுக்குக் குடுக்கவேணும்."

அது 1996 ஆவணி. சுவிசில் வின்டர்தூரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த சவுக்கன்துறை ஆட்கள் சேர்ந்து ஊர் மலர் ஒன்று போடத் தீர்மானித்திருந்தார்கள். மன்னார்க் கரையில் இருந்த அந்தக் கிராமத்தில் அப்போது மனிதர் எவரும் இல்லை. தயாபரன்தான் ஊர்ச்சங்கத் தலைவர். ஆனால் ஊரைப் பற்றிக் கையில் பிடித்துக் காட்டக்கூடிய இரண்டு பொருட்களும் எமிலியிடம் இருந்தன. ஒன்று, அவளுடைய தமையன் டெஸ்மன்ட் எடுத்த நூற்று நாற்பது படங்கள். ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்த அவன் தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் ஷெல் பட்டுச் செத்துப்போனான். மற்றது, ஊருக்கு நிவாரண அரிசி கொடுத்த சங்கக்கடையின் குடும்பப் பதிவேடு. எமிலி அந்தக் கடையில் கிளாக்காக இருந்தவள். முந்நூற்றுப் பதினொரு குடும்பங்களின் பெயர்களும் அவளுடைய கையெழுத்தில்தான் இருந்தன.

"எல்லாப் படமும் வருமோ அண்ணை?"

"தேவையானது வரும். பங்கர் வெட்டுறது, அரிசிக்கு நிக்கிற வரிசை, கோயில் பெருநாளில சொரூபக் கூடு சுத்துறது..."

"இறங்குதுறைப் படம்?"

தயாபரன் எமிலியின் கணவன் அந்தோனிதாசைப் பார்த்தார். அந்தோனிதாஸ் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தான்.

இறங்குதுறைப் படத்தை எமிலிதான் எடுத்தாள். தமையன் செத்து நாலு மாதத்துக்குப் பிறகு, அவனுடைய கமெராவில் மிச்சமிருந்த பிலிமில். ஊரில் இருந்த முஸ்லிம் சனத்தை வெளியேறச் சொல்லி இயக்கம் கெடு வைத்த கடைசி நாள் அது. சனம் கையில் பிடிக்கக்கூடிய பைகளோடு வள்ளத்துக்கு நிற்கிறது. கரையில் மற்றவர்கள் நின்று பார்க்கிறார்கள். ஓரத்தில் தயாபரன். தோளில், தையற்காரர் செய்யது காசிமின் வீட்டிலிருந்து தூக்கிய தையல் மெஷின். காசிம் அப்போது வரிசையில்தான் நின்றார். படத்தில் அவர் தயாபரனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் படம் வராது," என்றார் தயாபரன். "பதிவேட்டில இருக்கிற குடும்ப விபரத்தையும் மலரில கடைசியில போடுறம். இருநூற்று நாப்பத்தொன்பது குடும்பம்."

"முந்நூற்றுப் பதினொண்டு."

"அவையள் இப்ப ஊரில இல்லைத்தானே."

"நாங்களும் இல்லைத்தானே அண்ணை."

தயாபரன் எழும்பினார். "நல்லாக் கதைக்கிறாய். அந்த அறுபத்திரண்டு குடும்பத்தின்ர பேருக்கும் மேல சிவப்புக் கோடு இருக்கே, அதை ஆர் கீறினது? என்ர கையோ, உன்ர கையோ?"

எமிலிக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. வள்ளங்கள் போன மறுநாள் காலை, 'அவையளின்ர பெயரை வெட்டு' என்று இயக்கத்தினர் வந்து சொன்னார்கள். அவள் அடிமட்டம் வைத்து, கோடு கோணாமல், அறுபத்திரண்டு தரம் கீறினாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த கிழமை அவர்களுடைய பங்கு அரிசி மிஞ்சியபோது தன் வீட்டுக்கும் ஒரு கொத்துக் கூடுதலாக எடுத்தாள்.

"நான்தான்," என்றாள். "அதாலதான் சொல்லுறன். தரமாட்டன்."

வாசலில் நின்று தயாபரன் சொன்னார்: "காட்டிக்குடுக்கிற குடும்பம் எண்டு பெயர் வந்தால் இந்த நாட்டிலயும் இருக்க ஏலாது, அந்தோனிதாஸ். உன்ர மனுசிக்குச் சொல்லு."

அவர் போன பிறகு அந்தோனிதாஸ் கத்தினான். "செத்த ஊருக்காக உயிரோட இருக்கிற ஆக்களைப் பகைக்கப்போறியோ? நாளைக்கு எனக்கு ஒண்டு நடந்தால் சவப்பெட்டி தூக்க ஆர் வருவினம், உன்ர சுவிஸ்காரரோ?"

அவள் பதிவேட்டை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த நாள் வேலைக்குப் போனாள். முதியோர் இல்லமொன்றில் சலவைப் பகுதியில் அவளுக்கு வேலை. உடுப்பு மாற்றும் அலுமாரியில் பதிவேட்டை வைத்துப் பூட்டினாள். டின்னையும் கொண்டுவந்திருக்கவேண்டும் என்று நீராவிக்குள் நிற்கும்போதுதான் தோன்றியது. பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது டின் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

"ஓம், நான்தான் குடுத்தனான்," என்றான் அந்தோனிதாஸ். "கொஞ்சம் நிம்மதியா இருப்பம்."

எமிலி அன்றிலிருந்து அவனோடு கதைக்கவில்லை. சமைத்து வைத்தாள், உடுப்புத் தோய்த்தாள், கதைக்கவில்லை.

மூன்று கிழமைக்குப் பிறகு டின் கதவடியில் கிடந்தது. எண்ணிப் பார்த்தாள். இறங்குதுறைப் படம் இல்லை. டெஸ்மன்ட் கமெராவை வேறொருவரிடம் கொடுத்துத் தானும் நின்ற பெருநாள் படத்தில், கூட்டுக்குப் பூப்போட வந்து நின்ற காசிமையும் அவருடைய மனைவியையும் கத்தரிக்கோலால் நேராக வெட்டி எடுத்திருந்தார்கள். மிச்சத் துண்டில் காசிமின் மூன்று விரல் மட்டும் டெஸ்மன்டின் தோளில் இருந்தது. நெகட்டிவ் எல்லாம் ஸ்டூடியோவோடு எரிந்துபோனவை. இனி ஒன்றும் செய்யமுடியாது.

ஐப்பசியில் கோயில் மண்டபத்தில் மலர் வெளியீடு. எமிலி பதிவேட்டைச் சீலைத் தலைப்பில் மூடிக்கொண்டு போனாள். 'ஊர் மக்கள் கருத்து' என்று மைக்கை நீட்டியபோது முன்னுக்குப் போய் வாங்கினாள்.

"இந்த மலரில அறுபத்திரண்டு குடும்பம் இல்லை. அவையின்ர பெயரை ஊர்ப் பதிவேட்டில முதல் வெட்டினது நான். இப்ப வாசிக்கிறன். அகமது லெப்பை, ஆறு பேர். செய்யது காசிம், ஐந்து பேர். மரைக்கார் உம்மா, இரண்டு பேர்..."

மைக் நின்றது. அவள் சத்தமாக வாசித்தாள். "இருத்துங்கோ உவளை!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "சோனியளுக்கு வக்காலத்து வாங்க வந்திட்டாள்," என்றது இன்னொரு குரல். முன்வரிசையில் இருந்த தில்லைநாயகி, எமிலியோடு ஒன்றாகப் படித்தவள், எழும்பி வந்து கையிலிருந்த ஜூஸை அவள் முகத்தில் ஊற்றினாள். "என்ர பிள்ளை போராடிச் செத்தவன்டி. அவனை நீ அசிங்கப்படுத்திறாய்!"

எமிலி முகத்தைத் துடைக்காமல் வாசித்தாள். பத்தொன்பதாவது பெயரில் தயாபரன் பதிவேட்டைப் பிடித்து இழுத்தார். அவள் விடவில்லை. அட்டை கிழிந்தது. அப்போது அந்தோனிதாஸ் இடையில் வந்து தயாபரனின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அவளில கை வைக்காதை," என்றான். பிறகு அவளைப் பார்த்து, "வா, போவம். இனிப் போதும்," என்றான்.

பஸ்ஸில் அவன் பக்கத்தில் இருக்கவில்லை. முன் கதவடியில் நின்றபடி வந்தான்.

அதற்குப் பிறகு ஒருவரும் வீட்டுக்கு வரவில்லை. தமிழ்க்கடைக்கு எமிலி போனால் கதை நின்றது. தபால்பெட்டியில் யாரோ கரியால் 'துரோகி' என்று எழுதினார்கள். அந்தோனிதாஸ் அதைத் துடைத்தான். துடைத்துவிட்டு, "சந்தோசமோ?" என்று கேட்டான்.

புத்தளத்தில் அகதி முகாம்களுக்குப் போய்வரும் பாதிரியார் ஒருவரின் விலாசம் எமிலிக்குக் கிடைத்தது. அறுபத்திரண்டு குடும்பங்களின் பக்கங்களையும் போட்டோக்கொப்பி எடுத்து அவருக்கு அனுப்பினாள். காசிமுக்கென்று தனியாக ஒரு கடிதம் வைத்தாள். கோடு கீறியதையும், அரிசி எடுத்ததையும், இறங்குதுறையில் கமெராவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றதையும் மறைக்காமல் எழுதினாள்.

தை மாதம் பதில் வந்தது. காசிமின் மகள் நஸீமா எழுதியிருந்தாள்.

'பக்கங்கள் கிடைத்தன. சவுக்கன்துறையில் இருந்தோம் என்று காட்ட எங்களிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. உங்கள் கோட்டுக்குக் கீழே பெயர் வாசிக்கக்கூடியதாக இருக்கிறது. அதற்கு நன்றி. வாப்பா போன வருடம் மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். நீங்கள் எழுதியதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை. இனி எங்களுக்கு எழுதவேண்டாம்.'

எமிலி குசினி மேசையடியில் இருந்து அதை இரண்டு தரம் வாசித்தாள். அந்தோனிதாஸ் வேலையால் வந்து ஜக்கெட்டோடு நின்றான்.

"என்னவாம்?"

"எழுதவேண்டாமாம்."

அவன் ஜக்கெட்டைக் கழற்றிக் கொழுவினான். பிறகு கதிரையை இழுத்து எதிரே இருந்தான். கடிதத்தைத் தரச்சொல்லிக் கையை நீட்டினான். மாதக்கணக்கில் அவள் அவனுக்குத் தன் கையால் கொடுத்த முதல் பொருள் அதுதான்.