பிந்தி எழும் புல்

ஈரத்துணியால் அக்காவின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தபோது பட்டியில் ஆடுகள் மறுபடி கத்தின. தம்பியின் கை நின்றது.

"பசிக்குதுடா அதுங்களுக்கு," என்றாள் அக்கா, கண் திறக்காமல்.

"தெரியுதுல்ல? வேலியத் திறக்கவா?"

"சோம்பேறிப் புல்லு எழுந்திருச்சா?"

அவன் துணியை மறுபடி நனைத்தான். நெடிய வறட்சிக்குப் பின் பெய்த மழையில், வீட்டுக்குப் பின்னாலிருந்த சரிவு பச்சை கட்டியிருந்தது. போன மழைக்கு வந்த பச்சையில் அவசரப்பட்டு ஆட்டை விட்டான். சரிவு மொட்டையானதுதான் மிச்சம். இந்த முறை அக்கா வேலி போடவைத்தாள். புல் ஆராய்ச்சிதான் அவள் வேலை.

"மொதல்ல வர்றது முந்திரிக்கொட்டைடா," என்று அன்று விளக்கினாள். "ஆயுசு கம்மி. ஆனா நிழல் குடுக்கும், ஈரத்தப் பிடிச்சு வைக்கும். அந்த நிழல்லதான் சோம்பேறிப் புல்லு எழுந்திரிக்கும். வேரு ஆழமாப் போறது அதுக்குத்தான். அடுத்த வறட்சிய அதுதான் தாங்கும். முன்னத மேயவிட்டா பின்னது வெயில்ல கருகிடும்."

"சோம்பேறின்னா என்னை மாதிரியா?"

"நீ எழுந்திரிக்கவே மாட்டியே!"

உச்சிவெயிலில் அக்காவின் மூச்சு நின்றது.

அடுக்களை வாசலில் மனைவி அவனை மறித்தாள். "அண்ணி போயிட்டாங்க. இனி யாருக்குங்க வேலி? நேத்தும் ஒரு குட்டி செத்துப்போச்சு."

பட்டி வழியே வேலிக்கதவுக்குச் சாவியோடு போனான். ஆடுகள் அவன் முழங்காலை முட்டித் தள்ளின. பூட்டில் சாவியை நுழைத்தவன், வேலிக்குள் கைவிட்டுப் புல்லை விலக்கினான். அடியில் மண் குளிர்ந்திருந்தது. அங்கே, நகக்கண் அளவில், இன்னும் சுருள் பிரியாத ஓர் இலை. பக்கத்தில் இன்னொன்று.

"பெட்டிய மூடணும், வாங்க!" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

சாவியை உருவிக்கொண்டான்.

அடக்கம் முடிந்து எல்லோரும் போனபின், அக்காவின் அலுவலகத்திலிருந்து தாமதமாக வந்த மலர்வளையங்கள் வாசல் சுவரில் சாய்ந்திருந்தன. அவன் ஆடுகளை வாசலுக்கே ஓட்டிவந்தான்.

"ஐயோ, அது அண்ணிக்கு வந்ததுங்க!"

"அவ ஒண்ணும் சொல்லமாட்டா."

"இது ஒரு வேளைக்குக் காணுமா?"

"காணாது. நாளைக்கு ஆட்டுல பாதிய வித்துடலாம்."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு அருகில் வந்து உட்கார்ந்து ஒரு வளையத்தை மடியில் எடுத்துக்கொண்டாள். ஆடுகளின் வாயில் குத்தாதபடி இருவரும் கம்பியைப் பிரிக்கத் தொடங்கினார்கள்.